அடையாளமும் அடைக்கலமும்

கள்வன் சுவரில் கன்னமிட்டு வீட்டினுள் நுழைந்த காலம் ஒன்று இருந்தது. பூட்டும் தாழ்ப்பாளும், விழித்திருக்கும் நாயும், அண்டை வீட்டாரின் கண்ணும் அன்று நமக்குக் காவலாக இருந்தன. களவு போன பொருள் எதுவென்று விடிந்ததும் தெரிந்துவிடும். இன்று நிகழும் களவு ஒன்று இக்காவல்களுள் எதற்கும் அகப்படுவதில்லை. பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உரியவர் வழக்கம்போல் உறங்கி எழுகிறார். ஆனால் அவருடைய பெயரை வேறொருவன் அணிந்துகொண்டு உலவுகிறான். அப்பெயரில் கைப்பேசி இணைப்பு வாங்குகிறான், கடன் பெறுகிறான், வங்கிக் கணக்குத் திறக்கிறான், பிறரை ஏமாற்றிப் பெற்ற பணத்தை அக்கணக்கின் வழியே கடத்துகிறான். உரியவர் அதனை அறிவது, கடனைக் கேட்டு ஆள் வரும்போதோ, காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும்போதோதான். இதனையே அடையாளத் திருட்டு என்கிறோம்.

இக்களவைத் தடுக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. எவ்வாறு தடுப்பது என்பதிலேயே வேறுபாடு எழுகிறது. ஒவ்வொருவரையும் ஐயமறச் சோதித்தறிய வேண்டும். அதற்கு அவரைப் பற்றிய செய்திகளை நிறையத் திரட்டி வைக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். என்னைப் பற்றிய செய்தி எனக்குரியது. அதைத் திரட்டும் உரிமையை யார் தந்தது என்று கேட்பர் மறு சாரார். முன்னது பாதுகாப்பின் குரல். பின்னது தனியுரிமையின் குரல். இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளில் இட்டு, ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும் என்று கருதுவது வழக்கமாகிவிட்டது.

அவ்வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. அளவுக்கு மீறித் திரட்டி வைத்த செய்தியே கள்வனுக்குக் கருவூலம் ஆகிறது. ஆதலின், தனியுரிமையைக் காப்பது பெரும்பாலான இடங்களில் அடையாளத் திருட்டைத் தடுக்கும் வழியும் ஆகும். இதுவே இக்கட்டுரையில் நாம் நிறுவ விரும்புவது.

பெயரும் சாவியும்

ஒருவரை இன்னார் என்று சுட்டுவது வேறு. தாம் இன்னாரே என்று அவர் மெய்ப்பிப்பது வேறு. முன்னது பெயரின் வேலை. பின்னது சாவியின் வேலை. பெயரை ஊரறியச் சொல்லலாம். சாவியை ஊரறியக் காட்டுதல் ஆகாது. ஓர் எண்ணைப் பெயராகவும் சாவியாகவும் ஒருங்கே பயன்படுத்தத் தொடங்கும்போது அடையாளத் திருட்டுக்கு வாயில் திறக்கிறது.

இதனை நமக்கு முன்னரே பட்டறிந்த நாடு அமெரிக்கா. அங்கே 1936ஆம் ஆண்டில் சமூகப் பாதுகாப்பு எண் வழங்கப்படலாயிற்று. தொழிலாளரின் ஊதியக் கணக்கைப் பேணி, முதுமையில் அவர்க்கு ஓய்வூதியம் அளிப்பதற்கென ஏற்பட்டது அவ்வெண். 1938ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் நகரிலிருந்த பணப்பை நிறுவனம் ஒன்று, அவ்வெண் அட்டை தன் பணப்பையில் எவ்வளவு நேர்த்தியாகப் பொருந்துகிறது என்று காட்டுவதற்காக, மாதிரி அட்டை ஒன்றை உள்ளே வைத்து விற்றது. அம்மாதிரியில் அச்சிடப்பட்டிருந்ததோ, அந்நிறுவனத்தில் பணிபுரிந்த செயலாளர் ஒருவரின் உண்மை எண். அட்டை அளவில் சிறியது. மாதிரி என்ற குறிப்பும் அதில் இருந்தது. ஆயினும் பணப்பையை வாங்கியோர் பலர் அதனையே தம் எண்ணாகக் கொண்டனர். 1943ஆம் ஆண்டில் மட்டும் 5,755 பேர் அவ்வெண்ணைப் பயன்படுத்தி வந்தனர். பல்லாண்டுகளில் 40,000க்கு மேற்பட்டோர் அதைத் தம்முடையதாகக் காட்டினர். இறுதியில் அரசு அவ்வெண்ணையே நீக்கிவிட்டு, உரியவருக்கு வேறு எண் வழங்க நேர்ந்தது.

அந்நாற்பதாயிரவரும் கள்வர் அல்லர். பெரும்பாலோர் அறியாமையால் அவ்வாறு செய்தவர். எனினும் அந்நிகழ்ச்சி ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. எண்ணைக் கண்ட எவரும் அதைச் சொல்லலாம். சொல்வதனாலேயே அவர் அதற்கு உரியவர் ஆகிவிட மாட்டார். இதனை உணர்ந்தோ என்னவோ, 1946ஆம் ஆண்டு முதல் அவ்வட்டையின்மேல், இது சமூகப் பாதுகாப்புக்கு உரியது, அடையாளம் காட்டுவதற்கு உரியது அன்று என்ற பொருள்படும் வாசகம் அச்சிடப்பட்டது. 1972ஆம் ஆண்டில் அவ்வாசகம் நீக்கப்பட்டது. வங்கியும் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் அவ்வெண்ணையே கேட்கலாயின. எண்ணை அறிந்தவரே உரியவர் என்று நம்பலாயின. பெயராக இருந்த எண் சாவியாக மாறியது. அதன் விளைவாகப் பெருகிய திருட்டைக் கண்டு, 1998ஆம் ஆண்டில் அடையாளத் திருட்டைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் இயற்ற வேண்டிய நிலை அந்நாட்டுக்கு ஏற்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், மகாராட்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்திலுள்ள தெம்ப்லி என்னும் சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. இன்று 130 கோடிக்கு மேற்பட்ட எண்கள் வழங்கப்பட்டுள்ளன. பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் இல்லாத ஏழைக்கும், ஊர்விட்டு ஊர் சென்று உழைக்கும் தொழிலாளிக்கும் காட்டுவதற்கு ஓர் அடையாளம் கிடைத்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆதாரின் அமைப்பில் அப்பன்னிரண்டு இலக்கங்கள் பெயர் போன்றவையே. விரல் ரேகையோ, கருவிழியோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லோதான் சாவி. ஆனால் நடைமுறையில் நாம் செய்வதென்ன? அட்டையின் நகல் ஒன்றைக் கண்டதும் விடுதியில் அறை தருகிறோம், வீட்டை வாடகைக்கு விடுகிறோம், விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்கிறோம். நகலிலுள்ள படத்தை மாற்றி ஒட்டி மீண்டும் ஒரு நகல் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆக, நகலை வாங்கி வைப்பதால் வந்தவர் யார் என்பதும் உறுதியாவதில்லை. அவருடைய செய்தியும் காக்கப்படுவதில்லை.

மாற்ற முடியாத சாவி

அப்படியாயின் நகலை விடுத்து விரல் ரேகையையே நம்பலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கும் ஒரு படிப்பினை உண்டு.

நிலப் பத்திரங்களில் ஆள்மாறாட்டம் நிகழ்வதைத் தடுக்கும் பொருட்டு, 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 2001ஆம் ஆண்டு ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பத்திரம் பதிவு செய்வோர் தம் புகைப்படத்தையும் விரல் ரேகையையும் பத்திரத்தில் இடவேண்டும் என்பது அதன் கட்டளை. நோக்கம் நல்லதே. பின்னர்ப் பத்திரங்கள் கணினியேறின. சில மாநிலங்களில் இணையத்தின் வழியே எவரும் காணும் நிலை ஏற்பட்டது. 2018ஆம் ஆண்டில் தெலங்கானாவில் சிம் அட்டை விற்பவர் ஒருவர், அவ்வாறு கிடைத்த பத்திரங்களிலிருந்த ரேகைகளைக் கொண்டு போலி விரல் அச்சுகள் செய்து, பிறர் பெயரில் இணைப்புகளை இயக்கிய செய்தி வெளிவந்தது. பின்வந்த ஆண்டுகளில், வங்கி முகவரின் கருவியில் விரல் வைத்துப் பணம் எடுக்கும் ஆதார்வழிப் பணப்பட்டுவாடா முறையிலும் இத்தகைய போலி அச்சுகளைக் கொண்டு சிற்றூர் மக்களின் பணம் களவாடப்பட்டது. அம்முறையில் பணம் எடுக்க ஆதார் எண்ணும், வங்கியின் பெயரும், விரல் ரேகையும் இருந்தால் போதும். கைப்பேசிக் கடவுச்சொல் வேண்டியதில்லை.

இதன் உட்பொருளைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதற்காகத் திரட்டப்பட்ட ரேகையே ஆள்மாறாட்டத்துக்குக் கருவியாயிற்று. திரட்டியது பிழையன்று; திரட்டியதை எவரும் காணுமாறு திறந்து வைத்ததே பிழை. கடவுச்சொல் களவு போனால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். அட்டை களவு போனால் வேறு அட்டை பெறலாம். விரல் ரேகை களவு போனால் வேறு விரலுக்கு எங்கே செல்வது? மனிதன் வாழ்நாள் முழுதும் சுமந்து செல்லும் சாவி அது. ஆதலின் அதனைப் பாதுகாப்போர்க்கு ஏனைய செய்திகளைப் பாதுகாப்போரைவிடப் பன்மடங்கு பொறுப்பு உண்டு. 2023ஆம் ஆண்டில் ஆதார் ஆணையம், வைக்கப்பட்டது உயிருள்ள விரலா, போலி அச்சா என்று பிரித்தறியும் புதிய முறையை நடைமுறைப்படுத்தியது. நம் ரேகையையும் கருவிழியையும் நாமே பூட்டி வைத்து, வேண்டும்போது திறந்துகொள்ளும் வசதியையும் அவ்வாணையம் அளித்துள்ளது. இவ்வசதியை நம்மிடையே எத்துணைப் பேர் அறிந்து பயன்படுத்துகின்றனர்?

நீதிமன்றம் வகுத்த அளவுகோல்

கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி அவர்கள், 2012ஆம் ஆண்டில் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தனியுரிமை என்பது அரசமைப்புச் சட்டம் உறுதி செய்யும் அடிப்படை உரிமையன்று என்று அரசுத் தரப்பில் வாதிடப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21ஆவது பிரிவிலேயே தனியுரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அவ்வுரிமை எல்லையற்றது என்று நீதிமன்றம் கூறவில்லை. அதில் அரசு தலையிட வேண்டுமாயின் மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டும் என்றது. தலையிடுவதற்குச் சட்டம் உண்டா? முறையான நோக்கம் உண்டா? அந்நோக்கத்துக்கு ஏற்ற அளவோடு தலையீடு நிற்கிறதா? சட்டம், நோக்கம், அளவு என்று இதனைச் சுருக்கி நினைவிற் கொள்ளலாம்.

இவ்வளவுகோலைக் கொண்டே 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் ஐவர் அமர்வு ஆதார் சட்டத்தை அளந்தது. நால்வர் சட்டம் செல்லும் என்றனர். ஒருவர் செல்லாது என்றார். அரசின் நலத்திட்டங்களுக்கும் வருமான வரிக் கணக்குக்கும் ஆதார் ஏற்கப்பட்டது. வங்கிக் கணக்குடனும் கைப்பேசியுடனும் கட்டாயமாக இணைக்க வேண்டும் என்ற ஆணை அளவுக்கு மீறியது என்று நீக்கப்பட்டது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்குதல் கூடாது என்றும் கூறப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், உரியவர் தாமே விரும்பித் தரும்போது வங்கியும் தொலைபேசி நிறுவனமும் அதனை ஏற்க வழிசெய்தது. விரும்பித் தருவதற்கும் வேறு வழியின்றித் தருவதற்கும் உள்ள வேறுபாட்டை அலுவலகச் சாளரத்தின் முன் வரிசையில் நிற்பவர் நன்கறிவர்.

நான்கு வினைகள்

நம் அன்றாட வாழ்வில் இவ்வளவுகோலை எங்ஙனம் பயன்படுத்துவது? ஓர் அடையாளச் சான்றைக் கொண்டு நாம் செய்யும் வினைகள் நான்கு. பார்த்துச் சரிபார்த்தல் ஒன்று, படியெடுத்தல் இரண்டு, வைத்திருத்தல் மூன்று, பிறரோடு பகிர்தல் நான்கு. திருட்டைத் தடுப்பது இவற்றுள் முதல் வினை மட்டுமே. மற்ற மூன்றும் திருட்டுக்கு இடம் தருவன. ஆனால் நாமோ முதல் வினையை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் செய்து வருகிறோம். சான்றையும் வந்தவர் முகத்தையும் ஒப்பிட்டு நோக்குவதில்லை. நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் செருகிவிட்டால் கடமை முடிந்ததாகக் கருதுகிறோம்.

அந்நகல் பின்னர் என்ன ஆகிறது? கோப்பு நிறைந்ததும் பரணுக்குச் செல்கிறது. பரண் நிறைந்ததும் பழைய காகிதக் கடைக்குச் செல்கிறது. பிறர் எழுதிக் கொடுத்த விண்ணப்பத் தாளில் வடையும் சுண்டலும் மடித்துத் தரப்படுவதை நம் ஊர்களில் காணாதவர் இலர். நகல் எடுக்கும் கடைக்குக் கைப்பேசி வழியே அனுப்பிய சான்றுகள் அக்கடையின் கணினியில் எத்துணை நாள் கிடக்கின்றன என்பதைக் கேட்பவரும் இலர்.

2022ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடமெல்லாம் தரவேண்டா என்று அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. மக்கள் கலங்கினர். இரண்டே நாளில் அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. வழக்கமான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதும் என்று கூறப்பட்டது. அறிவிப்பு மறைந்தது, அது சுட்டிய இடர் மறையவில்லை.

இடரைக் குறைக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை எவரும் இணையத்திலிருந்து பெறலாம். ஆதார் எண்ணுக்கு மாற்றாக, வேண்டும்போது புதுப்பித்துக்கொள்ளத்தக்க 16 இலக்க மெய்நிகர் எண் 2018ஆம் ஆண்டிலேயே அறிமுகமாயிற்று. அட்டையிலுள்ள கியூஆர் குறியீட்டை ஆணையத்தின் செயலியால் படித்தால், அட்டை மெய்யா பொய்யா என்பது அக்கணமே விளங்கும். நகலால் செய்ய இயலாததை அக்குறியீடு செய்கிறது; அதே வேளையில் நகல் விட்டுச் செல்லும் எச்சம் எதனையும் அது விட்டுச் செல்வதில்லை. பாதுகாப்பும் தனியுரிமையும் பகைவர் அல்லர் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

மறுப்பும் விடையும்

மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்பார் உளர். வீட்டுக்குக் கதவு வைத்திருப்பவர் எல்லாரும் உள்ளே குற்றம் புரிபவரா? கதவு, மறைப்பதற்காக மட்டும் அமைவதன்று. யார் வரலாம், எப்போது வரலாம் என்று உரியவர் முடிவு செய்வதற்காக அமைவது. பெண் ஒருவரின் கைப்பேசி எண் அவருடைய இசைவின்றிப் பரவினால் அவர் படும் துன்பம் எத்தகையது என்பதை நம் மாணவியர் அறிவர். அவர் எதனையும் மறைக்கவில்லை. ஆயினும் காக்கப்பட வேண்டியவர்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. தனியுரிமை என்னும் திரைக்குப் பின்னே கள்வரும் ஒளிந்துகொள்கின்றனரே என்பது அது. உண்மையே. காவல் அதிகாரி போல் வேடமிட்டு, கைப்பேசித் திரையில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' என்று அச்சுறுத்தி, முதியோரின் வாழ்நாள் சேமிப்பைப் பறிக்கும் கூட்டத்தார் பிறர் பெயரிலுள்ள சிம் அட்டைகளையும் வங்கிக் கணக்குகளையுமே பயன்படுத்துகின்றனர். ஆதலின் சிம் அட்டை தருவதற்கு முன்னும் கணக்குத் திறப்பதற்கு முன்னும் ஆளைச் சரிபார்த்தல் இன்றியமையாதது என்பதை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். சரிபார்ப்பை மறுப்பது ஏமாற்றப்படும் எளியோரைக் கைவிடுவதாகும். நாம் வேண்டுவது, சரிபார்ப்பு உண்மையான சரிபார்ப்பாக இருக்கட்டும் என்பதே.

இவ்வெல்லை எங்கே அமைகிறது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். தொலைத்தொடர்புத் துறை 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் சஞ்சார் சாத்தி என்னும் இணையத் தளத்தைத் தொடங்கியது. நம் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதை அதில் நாமே கண்டறியலாம். நாம் வாங்காத இணைப்பு இருப்பின் முறையிடலாம். செய்தி உரியவர்க்கே சென்று சேர்கிறது. ஆதலின் அது போற்றத்தக்க ஏற்பாடு. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், அதன் செயலியைப் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் முன்னதாகவே பதித்து விற்கவேண்டும் என்று தயாரிப்பாளர்க்கு ஆணை பிறந்தது. எதிர்ப்பு எழுந்தது, டிசம்பர் 3ஆம் நாள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. கருவி ஒன்றே. மக்கள் தாமே எடுத்துப் பயன்படுத்தும்போது அது காவலன்; எல்லார் கையிலும் கேளாமலே திணிக்கப்படும்போது அதன்மேல் ஐயம் எழுகிறது. திருட்டைத் தடுக்கும் எந்த ஏற்பாடும் மக்களின் நம்பிக்கையை இழந்தால் பயன் தராது என்பதை ஆள்வோர் உணர வேண்டும்.

சட்டமும் அதன் எல்லையும்

பிறருடைய கடவுச்சொல்லையோ மின்னணுக் கையொப்பத்தையோ தனித்த அடையாளக் குறியையோ வஞ்சனையாகப் பயன்படுத்துவோர்க்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மற்றொரு பக்கத்தை நோக்குகிறது. திருடியவனை மட்டுமன்றி, திருடுபோகுமாறு பாதுகாப்பின்றி வைத்திருந்த நிறுவனத்தையும் அது பொறுப்பாக்குகிறது. தண்டம் 250 கோடி ரூபாய் வரை செல்லலாம். வேண்டிய அளவே கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பன அதன் நெறிகள். அதற்கான விதிகள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் பதினெட்டு மாதங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டன.

இச்சட்டத்துக்கு இரு குறைகள் உண்டு. அரசு தன் துறைகளுக்கு விலக்களித்துக்கொள்ள அது பேரளவில் இடம் தருகிறது. மேலும், கணினியில் உள்ள செய்தியையும் கணினியில் ஏற்றப்படும் செய்தியையுமே அது காக்கிறது; காகிதமாகவே கிடக்கும் கோப்பை அது தொடுவதில்லை. நம் நிறுவனங்களில் பெரும்பான்மையான செய்திகள் இன்றும் காகிதக் கட்டுகளாகவே உள்ளன. சட்டம் காவாத இடத்தில் மனச்சான்றுதான் காக்க வேண்டும்.

அடையாளம் இழந்தவர் படும் பாட்டையும் இங்கே கூறுதல் வேண்டும். அவர் பெயரில் உள்ள கணக்கு முடக்கப்படுகிறது. தாம் குற்றவாளி அல்லர் என்று அவரே அலைந்து மெய்ப்பிக்க வேண்டியவர் ஆகிறார். சிலப்பதிகாரத்தில் கோவலன் கையில் இருந்த சிலம்பு அரசியின் சிலம்பைப் போலவே தோன்றியது. உண்மைக் கள்வனான பொற்கொல்லனே சாட்சி ஆனான். தோற்றத்தை நம்பியவர்கள் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்கவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது உண்மை வெளிப்பட்டது. ஆனால் கோவலன் உயிரோடில்லை. சரிபார்க்காத நம்பிக்கை எத்துணைக் கொடியது என்பதை நம் காப்பியம் அன்றே காட்டிவிட்டது.

நம் நிறுவனங்கள் செய்யத்தக்கவை

கல்லூரி அலுவலகம், மாணவர் விடுதி, ஊர்ச் சங்கம், ஜமாஅத் அலுவலகம், கல்வி உதவி வழங்கும் அறக்கட்டளை ஆகிய எல்லாமே பிறர் செய்திகளைப் பெற்று வைத்திருப்பவை. இவற்றை நடத்தும் பெரியோர்முன் சில கருத்துகளை வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, கேட்கும் முன் ஏன் கேட்கிறோம் என்று தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். அரசின் கல்வி உதவித்தொகை ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்குச் செல்லுமாயின் அங்கே ஆதார் வேண்டும். பேச்சுப் போட்டியில் பெயர் கொடுக்க ஆதார் எதற்கு? இரண்டாவது, மூலச் சான்றைப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டு, பார்க்கப்பட்டது என்று பதிவேட்டில் குறித்தால் போதும் என்னும் இடங்களில் நகல் வாங்காதிருத்தல் வேண்டும். மூன்றாவது, நகல் வேண்டியே தீருமாயின் மறைப்பு ஆதாரைப் பெறுதலும், அதன் குறுக்கே எந்நோக்கத்துக்கு எந்நாளில் தரப்பட்டது என்று எழுதச் செய்தலும் நன்று. நான்காவது, வேலை முடிந்த நகல்களைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போடாமல் கிழித்தோ எரித்தோ அழிக்க வேண்டும். ஐந்தாவது, மாணவரின் பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் அடங்கிய பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுதலும் வாட்ஸப் குழுக்களில் அனுப்புதலும் அறவே நிற்க வேண்டும். ஆறாவது, இவற்றுக்குப் பொறுப்பானவர் இன்னார் என்று ஒருவரை நியமிக்க வேண்டும். எல்லார்க்கும் பொதுவான பொறுப்பு எவர்க்கும் உரியதாவதில்லை.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு பதிவேடும், ஒரு முத்திரையும், சிறிது கவனமுமே வேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல்

களவு போவது மட்டுமன்று. கொடுத்துக் கெடுவதும் உண்டு. உன் வங்கிக் கணக்கைச் சில நாள்களுக்குத் தா, சில ஆயிரம் தருகிறேன் என்று கூறி மாணவரை நாடி வரும் முகவர்கள் பெருகியுள்ளனர். கணக்கும் ஏடிஎம் அட்டையும் சிம் அட்டையும் கைமாறுகின்றன. ஏமாற்றப்பட்டோரின் பணம் அக்கணக்கின் வழியே பாய்கிறது. முகவன் மறைந்துவிடுவான், பெயருக்கு உரியவரே காவலர்முன் நிற்பார். வஞ்சனையாகவோ ஆள்மாறாட்டத்தாலோ சிம் அட்டை பெறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க, 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வகை செய்கிறது. வறுமையின் நெருக்கடியை நாம் அறியாதவர் அல்லர். ஆயினும் பெயரை வாடகைக்கு விடுவது எந்நெருக்கடிக்கும் தீர்வாகாது.

ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் கூறாதீர்கள். உங்கள் பெயரிலுள்ள இணைப்புகளை ஆண்டுக்கு இருமுறையேனும் சரிபாருங்கள். விரல் ரேகையைப் பூட்டி வையுங்கள். பணம் பறிபோனால் நாணி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். விரைந்து அழைத்தால் பணம் கைமாறும் முன் தடுக்கும் வாய்ப்பு உண்டு. வீட்டிலுள்ள முதியோர்க்கும் இவற்றை எடுத்துரையுங்கள். எழுத்தறியாத பாட்டியின் விரலை எவனோ ஒருவன் கருவியில் வைக்கச் சொல்லும்போது, ஏன் என்று கேட்கும் பேரப்பிள்ளை அருகில் இருப்பது பெருங்காவல்.

அடைக்கலம் காத்தல்

கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். மதுரையில் நேர்ந்த அவலத்துக்கு மாதரி எவ்வகையிலும் காரணம் அல்லள். எனினும் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காக்க இயலவில்லையே என்று அவள் தன் உயிரையே மாய்த்துக்கொண்டாள். அம்முடிவை நாம் போற்ற வேண்டியதில்லை. அப்பொறுப்புணர்வைப் போற்றாமல் இருக்க முடியாது. அடைக்கலப் பொருள் என்று இலக்கியம் கூறுவதையே நம் ஊர்ப் பெரியோர் அமானிதம் என்கின்றனர். பிறர் நகையை அமானிதமாக வாங்கி வைத்தவர் அதைத் தெருத் திண்ணையில் போட்டு வைப்பதில்லை. அடுத்தவர்க்கு எடுத்துக் காட்டுவதில்லை. கேட்டபோது திருப்பித் தருகின்றனர். ஒரு மாணவர் தம் பெயரையும் முகத்தையும் விரல் ரேகையையும் ஒரு தாளில் இட்டு நம் மேசைமேல் வைக்கும்போது, நகையினும் மேலான ஒன்றை அவர் ஒப்படைக்கிறார். நகை போனால் மீண்டும் செய்துகொள்ளலாம்.

வரும் கல்வியாண்டில் சேர்க்கை விண்ணப்பத்தை அச்சிடும் முன், இணைக்க வேண்டிய நகல்கள் என்ற பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் என்று எழுதிப் பார்க்குமாறு நம் நிறுவனங்களை நடத்தும் பெரியோரை வேண்டுகிறோம். விடை கிடைக்காத வரிகளை அடித்துவிடலாம். அடிக்கும் ஒவ்வொரு வரியும் கள்வனுக்கு ஒரு வாயிலை அடைக்கும். மாணவருக்கு அவருடைய உரிமையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்.